கழுவித்தானே வச்சேன்

தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்த தனுஜா, ஈரப் புடவையைக்கூட மாற்றாமல் பருப்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். துவைக்க வேண்டிய துணி வேறு மூலையில் குவிந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து, யூடியூபில் வீட்டு ரிப்பேர் பழகும் புருஷன் கஜேந்திரன் போனை நீட்டினான்.

“லயத்து வீட்டுச் சாக்கடைக் கான் அடைச்சிருந்துச்சுல்ல, முந்தாநாத்து நீ மலைக்குப் போனப்ப நானே சுத்தம் பண்ணிட்டேன். வீடியோவப் பாரு.”

பார்த்தாள். புழு நெளியும் கறுப்புச் சேற்றை அள்ளிக்கொண்டிருந்தது, இப்போது அவள் கையிலிருக்கும் இதே கறிக்கரண்டி. இரண்டு நாளாக இதில்தான் ஆக்கித் தின்றிருக்கிறார்கள். கரண்டியைப் பருப்புச் சட்டியிலிருந்து வெளியே இழுத்தாள்.

“ஏங்க, இதுலயா அள்ளுனீங்க?”

“கழுவித்தானே வச்சேன்.”

அவள் மறுபடியும் வீடியோவைப் பார்த்தாள். கை நாறிவிடக் கூடாதென்று இரண்டு கைக்கும் உறை மாட்டியிருந்தான், அந்தச் சுத்தக்காரன்.