பெயர்களுக்குப் பொருள் எழுதிய வருடம்

பிறப்புப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'பொருள்' என்று ஒரு கட்டம் சேர்க்கப்பட்ட மறுமாதம், சைக்கிள் கடைக்காரர் உட்கார்ந்த மூன்று நாற்காலிகள் ஒரே வாரத்தில் முறிந்தன. அவர் பெயருக்கு மலை என்று பொருள். பார்வைக்குப் பழையபடி ஒல்லிக்குச்சியாகத்தான் இருந்தார். ஆனால் மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தபோது முள் ஒரு சுற்று சுற்றி அப்படியே நின்றுவிட்டது. அதே வாரத்தில், விளக்கைக் குறிக்கும் பெயர் கொண்ட பள்ளிக்கூட ஆயா இருட்டறைக்குள் நுழைந்தால் சுவர்கள் மங்கலாகத் தெரிந்தன. மின்சாரம் போன நாட்களில் அக்கம்பக்கத்தார் அவளைக் கூப்பிட்டு நடுக்கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள். வீரன் என்று பொருள்படும் பெயருடைய பதினாறு பேர் ஒரே நாளில் சண்டைக்குப் போய், நான்கு பேர் கையை உடைத்துக்கொண்டு திரும்பினார்கள். அன்று மருத்துவமனையில் மாவுக்கட்டுத் துணி தீர்ந்துபோனது.

இத்தனையையும் எழுதியவள் பதிவு அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாக எழுத்தராக இருந்தவள். அவளைவிட மூத்தவர்கள்கூடப் பதிவக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கணவன் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது, ஒரே மகள். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. பழைய பதிவேடுகளிலும் எல்லாப் பெயருக்கும் பொருள் எழுத வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தபோது, மேலட்டை போன ஒரு தடித்த அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வேலையைத் தொடங்கினாள். கட்டம் மூன்று விரல் அகலம்தான் இருந்தது. அகராதியோ ஒரு பெயருக்கு மூன்று நான்கு பொருள் சொன்னது. கோட்டைத் தாண்டி எழுதினால் அதிகாரி பக்கத்தையே திருப்பி அனுப்புவார். அதனால் முதலில் எது இருக்கிறதோ அதை மட்டும் எழுதுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். மை காய்ந்து, முத்திரை விழுந்த பிறகு, எழுதியது பலித்தது.

வருடக் கடைசியில் மற்றக் கட்டங்களுக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. அலுவலகக் காவலாளியின் பதிவில் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தவறிப்போய் விழுந்திருந்தது. ஒரு காலையில் எழுந்தபோது அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் மூக்கு இருந்தது. பெற்ற தகப்பன் அவனைப் பார்த்து, யாருப்பா நீ, என்ன வேணும் என்று கேட்டார். காவலாளி இரண்டு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்றாம் நாள் புது மூக்கோடு வேலைக்கு வந்தான். ஊர் இதற்கெல்லாம் மலைத்துப்போய் நிற்கவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவர்கள் மட்டும் ஒருமுறைக்கு நாலுமுறை யோசித்தார்கள்.

அடுத்த வருடம் இரண்டாவது உத்தரவு வந்தது: குடும்பப் பெயர்களுக்கும் பொருள் வேண்டும். ஆலைக்குப் பின்னால் இருந்த தெருவில் பத்தொன்பது வீடுகள் ஒரே குடும்பப் பெயருடையவை. பதிவக்காவின் மகள் வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். கல்யாணத்தன்று சம்பந்தி அந்தப் பெயரின் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தார். எப்போதோ ஒரு வெள்ளத்தில் பாலம் உடைந்தபோது அவர்கள் முன்னோர் ஒருவர் ஏழு நாள் படகு வலித்து ஊர் சனத்தைக் கரை சேர்த்தாராம். அதில் வந்த பெயராம். அகராதியில் அந்தப் பெயருக்கு இரண்டு பொருள் இருந்தது. முதலாவது, ஓரிடத்தில் நில்லாதவர். இரண்டாவது, அக்கரை சேர்ப்பவர். பேனா ஒரு நிமிடம் தயங்கியது. அலுவலகம் மூடும் நேரம். அந்தப் பக்கத்திலேயே இன்னும் நாற்பது பெயர் பாக்கி. ஊருக்கெல்லாம் முதல் பொருளை எழுதிவிட்டுச் சம்பந்தி வீட்டுக்கு மட்டும் இரண்டாவதை எழுதினால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? முதலாவதையே எழுதினாள். அதை நேர்மை என்றுதான் நினைத்தாள்.

மறுநாள் விடிந்தபோது பத்தொன்பது வீட்டுத் தரையும் வாசல் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கட்டில்கள் ஆட்களோடு தெருவுக்கு வழுக்கி வந்தன. உள்ளே போய் உட்கார்ந்தவர்களை வீடு மெதுவாக, அடித்துப் பிடித்துத் தள்ளாமல், வெளியே விட்டது. மற்றவர்கள் போய் நின்றால் அதே தரை சமமாக இருந்தது. முதலில் வீடு, பிறகு தெரு, பிறகு ஊர் அவர்களை வைத்துக்கொள்ள மறுத்தது. எந்த ஊரும் ஒரு பகல் ஒரு இரவுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் அக்கம்பக்கத்தார் கயிறு கொண்டுவந்து அவர்களைத் தூணோடு கட்டிப் பார்த்தார்கள். தூண் பெயர்ந்து வந்தது. இரண்டாம் வாரம் சாப்பாடு கட்டிக் கொடுத்து வழியனுப்பினார்கள். ஒரு மாதம் போனதும் காலி வீடுகளின் ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆறு தலைமுறையாக அங்கே இருந்தவர்களைப் பற்றி, அவங்க என்னிக்கு ஊர்ல நின்னாங்க, பேரே அப்படித்தானே என்று பேச ஆரம்பித்தார்கள். ஏழு மாத வயிற்றோடு பதிவக்காவின் மகளும் புருஷன் பின்னால் போனாள். அவளும் கல்யாணப் பதிவேட்டில் அந்தப் பெயருக்கு மாறியிருந்தாள்.

பதிவக்கா அந்த வரியை அடித்துப் பார்த்தாள். அடித்த கோடு காலையில் காணாமல் போயிருந்தது. ஓரத்தில் இரண்டாவது பொருளைப் பொடி எழுத்தில் எழுதினாள். கட்டத்துக்கு வெளியே இருந்ததால் அது கணக்கில் சேரவில்லை. கடைசியில் அதிகாரியின் முன்னால் போய் நின்றாள்.

"திருத்தம் பண்ணலாம்மா, அதுக்கு வழி இருக்கு," என்றார் அவர். "உரியவங்க தொடர்ந்து மூணு நாள் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். அவ்வளவுதான்."

"சார், அவங்களால நிக்க முடியலைன்னுதானே திருத்தமே கேக்கறோம்."

"சரி, அதையும் மனுவுல எழுதச் சொல்லுங்க," என்று அவர் அடுத்த கோப்பை எடுத்தார்.

மகள் தொலைபேசியில் கூப்பிடும்போதெல்லாம் வேறு வேறு ஊரின் இரைச்சல் கேட்டது. குழந்தை ஓடுகிற பேருந்தில் பிறந்தது. பிறந்த இடம் என்ற கட்டத்தில் எழுத எதுவும் இல்லாததால் எந்த அலுவலகமும் அதைப் பதியவில்லை. பதியாவிட்டாலும் தகப்பன் வழியில் அந்தப் பெயர் அதையும் விடவில்லை. தொட்டில் கட்டினால் தொட்டில் அவிழ்ந்தது. ஓரிடத்தில் தூங்கிப் பழகாத குழந்தை இளைத்துக்கொண்டே வந்தது. நான்காவது மாதத்தில் ஒரு மத்தியானம் மகள் அதைத் தூக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். அவள் செருப்பு இரண்டும் வேறு வேறு ஜோடியாக இருந்தன. மாப்பிள்ளை உள்ளே வர மனமில்லாமல் பேருந்து நிலையத்தில் பைகளோடு நின்றுவிட்டான்.

"கண்டெடுத்த பிள்ளைங்களுக்குன்னு ஒரு பதிவேடு இருக்குன்னு சொல்வியே," என்றாள் மகள். "அதுல எழுதும்மா."

அப்படி ஒன்று இருந்தது. அதில் கிடைத்த இடமே பிறந்த இடம். குடும்பப் பெயருக்குக் கோடு. தாய் தகப்பன் என்ற இடத்தில், தெரியாது. பதிவக்கா அலமாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"காவலாளிக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியும்ல. தெரியாதுன்னு எழுதினா உனக்கு நிஜமாவே தெரியாமப் போயிடும்டி."

"எனக்குத் தெரியாமப் போனா என்னம்மா. இவ ஒரே இடத்துல ரெண்டு ராத்திரி தூங்குவாளே."

"நான் எப்படிடி எழுதுவேன்?"

"எழுதினது நீதானே. இதையும் நீயே எழுது," என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் பதிவக்காவுக்குத் தாங்கவில்லை.

மகள் பழைய பதிவேடுகள் அடுக்கிய அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, குழந்தைக்கு இரண்டு பக்கமும் பால் கொடுத்தாள். வெகுநேரம் ஆயிற்று. அலுவலக ஜன்னலுக்கு வெளியே காத்திருந்த சனம் முணுமுணுத்தது. பிறகு வெளியே வந்து குழந்தையைப் பதிவக்காவின் மேசைமேல் கிடத்தினாள். பதிவக்கா எழுதினாள். பெயர் என்ற கட்டத்தில், நிலைத்திருப்பவள் என்று ஒரே ஒரு பொருள் உள்ள ஒரு பெயரைப் பொறுக்கி எழுதினாள். வளர்ப்புத் தாய் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினாள். தாய், தெரியாது. தகப்பன், தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கையெழுத்து கோணியது. மை காயட்டும் என்று எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முத்திரையைக் குத்தினாள்.

மகள் மேசையைப் பார்த்தாள். "பாவம், யாரு குழந்தைம்மா இது?"

"வாசல்ல கிடைச்சுது."

"எப்படித்தான் மனசு வந்துச்சோ." குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். "நீயே வச்சுக்கோயேன். தனியாத்தானே இருக்கே." எழுந்தபோது தன் சட்டையின் முன்பக்கம் ஈரமாக இருப்பதைப் பார்த்து, தண்ணீர் எங்கே சிந்தியது என்று கேட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று மகள் கிளம்பிப் போனாள். பேருந்து நிலையத்தில் மாப்பிள்ளை எதற்காக அழுகிறோம் என்று தெரியாமல் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததாக அங்கே டீக்கடை வைத்திருப்பவர் பிறகு சொன்னார்.

குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. பதிவக்காவை அம்மா என்று கூப்பிடுகிறது. ஒரே கட்டிலில், ஒரே மூலையில் தூங்குகிறது. இடியே விழுந்தாலும் எழுந்திருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் மட்டும் வராது. மகள் வருடத்துக்கு ஒருமுறை அந்த வழியாக வருகிறாள். ஒரு பகல் இருந்து, தாய்க்குத் தலை பின்னிவிட்டு, எந்தெந்த ஊரில் என்ன விலை என்று பேசிக்கொண்டிருப்பாள். இன்னும் பிள்ளை இல்லையா என்று தெருவில் யாராவது கேட்டால், எங்க பொழப்புக்கு அது ஒண்ணுதான் குறைச்சல் என்று சிரித்துவிடுவாள். பதிவக்கா அப்போது அடுப்படிக்குள் போய்விடுவாள். வரும்போதெல்லாம் மகள் சின்னவளுக்கு ஒரு கவுன் வாங்கி வருகிறாள். அளவு என்ன என்று யாரையும் கேட்பதில்லை. இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட அளவு தப்பியதில்லை. சின்னவள் அதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்து, போய்ட்டு வாங்கக்கா என்று கையை ஆட்டிவிட்டு, உள்ளே போய் விளையாடுகிறாள்.