புண்ணியமாகக் கொடுத்த ஓவர்டைம்

பௌர்ணமி வந்தாலே எனக்கு எரிச்சல்தான். ஊரே மலையைச் சுற்றும். நான் செங்கம் சாலையில் ராஜமாணிக்கம் முதலாளியின் மெஸ்ஸில் இட்லிக் கொப்பரையைச் சுற்றுவேன். பகல் வேலை முடிந்தாலும் வீட்டுக்கு விடமாட்டார். மறுநாள் விடியும்வரை சட்னி அரை, சாம்பார் வை. மூன்று வருஷமாக இதே கூத்து. ஓவர்டைம் என்று ஒரு சல்லிக்காசு கண்ணில் காட்டியதில்லை.

போனால் போகிறது என்றுதான் இருந்தேன். என் மகள் மணிமொழி நர்சிங் முடித்தாள், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலையும் கிடைத்தது. திங்கட்கிழமை சர்டிபிகேட்டோடு போய்ச் சேர வேண்டும். படித்த இடத்தில் ஃபீஸ் பாக்கிக்காக அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நான் கடன் கேட்காத ஆள் இல்லை. முதலாளியிடம் ஓவர்டைமைக் கேட்டேன், சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்! நேராகத் தொழிலாளர் ஆபீசில் மனு கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீசர் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எட்டு மணி நேரத்துக்கு மேல வேலை வாங்கினா ரெண்டு மடங்கு கூலி தரணும். ஏன் தரல?"

முதலாளி நெற்றி நிறைய விபூதியோடு கைகூப்பினார். "யாரு மேடம் தரலனு சொன்னது? புண்ணியமா குடுத்துட்டேன். கிரிவலம் வர்றவங்களுக்குச் சோறாக்கிப் போடறது லேசுப்பட்ட புண்ணியமா? அத்தனையும் இந்த ஜோதியம்மாளுக்கே விட்டுட்டேன். எனக்குனு துளி எடுத்துக்கல. கணக்குப் பாத்தா ரெண்டு மடங்குக்கு ஜாஸ்தியாவே இருக்கும்."

"சோத்துக்குத் துட்டு வாங்கறீங்களே?"

"துட்டு எனக்கு, புண்ணியம் அவங்களுக்கு. நியாயமாதான் பிரிச்சிருக்கேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். "இதெல்லாம் செல்லாது. கேஸ் போட்டா நீங்க கண்டிப்பா ஜெயிப்பீங்கம்மா. ஆனா ஆறு மாசமாவது ஆவும்."

ஆறு மாசமா! அதுவரை வேலூர்க்காரன் என் மகளுக்காக வேலையைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? முதலாளி பக்கம் திரும்பினேன்.

"அப்போ மூணு வருஷப் புண்ணியமும் என்னுதுதானே?"

"சத்தியமா உன்னுதுதான்."

"யாருக்கு வேணா குடுக்கலாமா?"

"தாராளமா குடு."

மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தேன். ஜன்னலில் மலை தெரிந்தது. "அண்ணாமலையாரே! என் புண்ணியம் மொத்தத்தையும் எங்க முதலாளியோட பங்காளி இராமலிங்கத்துக்குத் தாரை வார்க்கறேன்!" என்று கத்திக்கொண்டே டம்ளரைச் சாய்த்தேன்.

இராமலிங்கம் மெஸ்ஸுக்கு எதிரில் லாட்ஜ் வைத்திருப்பவர். ஒரு சுவருக்காக இரண்டு பேரும் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். அவர் வீட்டுச் சாவுக்குக்கூட முதலாளி எட்டிப் பார்க்கவில்லை.

"அடிப்பாவி! அவனுக்கா? அவனுக்கு மோட்சமே கெடச்சிடுமேடி!" முதலாளி நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து டம்ளரைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க. என் புண்ணியம், நான் குடுப்பேன்."

"எனக்கே குடுத்துடு. வெலைக்கு வாங்கிக்கறேன்."

"என்னா வெலை?"

மேடம் ஒரு ஃபைலை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். "சட்டப்படி ரெண்டு மடங்கு" என்று ஃபைலுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

முதலாளி தரையைப் பார்த்தார். "கொஞ்சம் கீழ கொட்டிடுச்சே மேடம். அத மட்டும் கம்மி பண்ணிக்கலாமா?"

"கூலில எதையும் புடிக்கக் கூடாது."

மதியத்துக்குள் பணம் வந்தது. மீதித் தண்ணீரை அவர் கையில் ஊற்றினேன், பயபக்தியோடு தலையில் தெளித்துக்கொண்டார். ரசீதில் மேடம் 'ஓவர்டைம் பாக்கி' என்றுதான் எழுதினார். இருவரும் மெஸ்ஸுக்குத் திரும்பினால், சேதி அதற்குள் எட்டிவிட்டது போல, பரோட்டா மாஸ்டர் காசி கையில் ஒரு சொம்புத் தண்ணீரோடு வாசலில் நிற்கிறார். "முதலாளி, எனக்கும் இராமலிங்கம் ஐயான்னா உசுரு!" என்றார்.

சனிக்கிழமை பாக்கியைக் கட்டி சர்டிபிகேட்டை வாங்கினோம். வெளியே வந்ததும் மணிமொழி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"எனக்காகப் புண்ணியத்தையெல்லாம் வித்துட்டியேம்மா."

"போடி லூசு! அது என் கூலிடி. அந்த ஆளு அதுக்குப் புண்ணியம்னு பேரு வச்சான், அவ்ளோதான்." அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன். "ஆஸ்பத்திரிலயும் உன்ன ராவும் பகலும் நிக்க வச்சிட்டு, சேவை, புண்ணியம்னுதான் சொல்லுவாங்க. வாய மூடிக்கினு நிக்காத. கேளு."