இரவல் லைசென்ஸ்

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தம்பி செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான். அவனுக்கு 'அவசரம்' என்று பட்டப்பெயர் வந்தது சும்மா இல்லை.

"அக்கா, வேலை கிடைச்சிருச்சு. அந்த இருபது மாடிக் கட்டடத்துல சாரம் கட்டணும். நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. சாரம் கட்டப் பயிற்சி முடிச்ச லைசென்ஸ் அட்டை மட்டும் காட்டணுமாம்."

அட்டைக்கு அவன் எங்கே போவான்? சாரத்துக்குக் குழாய் சுமந்து தோள் காய்த்தவன்தான். ஆனால் பயிற்சிக்குப் போ என்றால் காத தூரம் ஓடுவான். லைசென்ஸ் இருந்தது அக்காவின் கணவரிடம்.

"மாமா, உங்க அட்டையைக் குடுங்க. ஹெல்மெட் போட்டா மூஞ்சியை யாரு பாக்கப் போறாங்க?"

மாமா தயங்கினார். அக்கா விடவில்லை.

"அவனுக்கு ஒரு நல்லது நடக்கறப்போ முட்டுக்கட்டை போடாதீங்க."

அந்த வீட்டில் அவள் சொன்னால் சொன்னதுதான். அட்டை கைமாறியது.

அவசரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "என் வேலையைப் பாருங்க" என்று வாசலில் மாமா அடுக்கியிருந்த குழாய்களை எடுத்தான். மளமளவென்று நிறுத்தினான், குறுக்கே கோத்தான், குழாய்களை இணைக்கும் கிளாம்ப்களை முறுக்கினான், பலகை போட்டான். மாடி உயரத்துக்குச் சாரம் எழுந்தது. தெருவில் போனவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பெயின்ட் அடிக்க ஆள் வராம இந்தச் சுவர் எத்தனை நாளாக் கிடக்குது. இரு, நானே ஏறி அடிச்சிடறேன்."

முந்தானையை இழுத்துச் செருகி, வாளியுடன் முதல் குழாயில் கால் வைத்தாள்.

அவன் ஓடிவந்து வாளியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, ஏறாத. இறங்கு."

"ஏண்டா?"

"மேல இருக்கற கிளாம்ப்பை முறுக்கினேனான்னு ஞாபகம் இல்லக்கா. பலகையையும் கட்டல."

அக்கா இறங்கினாள். பெருமை போய்க் கோபம் வந்திருந்தது.

"நான் ஏறக் கூடாது. ஊரான் வீட்டுப் பிள்ளை மட்டும் நாளைக்கு இருபது மாடி ஏறலாமா? இதுக்கா நான் அட்டையை வாங்கிக் குடுத்தேன்?"

இருபது மாடி வேலை கண்ணெதிரே கைநழுவிப் போனது. இருந்தாலும் அவன் அட்டையைத் திருப்பி நீட்டினான்.

"தப்பு என் மேலயும் இருக்கு மாப்ள" என்றார் மாமா. "அட்டையை இரவல் குடுக்கலாம். கத்துக்கிட்டதை இரவல் குடுக்க முடியுமா?"

அவசரம் அக்காவைப் பார்த்தான். அவனுக்குள் வேறொரு பரபரப்பு பற்றிக்கொண்டது.

"பயிற்சிக்கு எங்க பேரு குடுக்கணும், மாமா? இப்பவே போலாம். லைசென்ஸ் வாங்கி நான் கட்டுற முதல் சாரத்துல அக்காதான் ஏறணும்."