கிச்சாப்பின் முடி

எவலினுக்குச் சுத்தம் என்றால் உயிர். தங்கை விவியனுக்குப் பூனை என்றால் உயிர். இந்த இரண்டு பேரையும் செந்தூலில் ஒரே ஃபிளாட்டில் விட்டால் என்ன ஆகும் என்று கிள்ளானில் இருக்கும் அவர்களுடைய அம்மா அப்போதே கேட்டார். கோலாலம்பூருக்குக் குடிவரும் அவசரத்தில் இருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பூனையின் பெயர் கிச்சாப், மலாய் மொழியில் சோயா சாஸ். சோயா சாஸ் பாட்டிலுக்குள் முக்கி எடுத்தது போல அப்படி ஒரு கறுப்பு. அதனால் விவியன் வைத்த பெயர். விவியனுக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பல் கிளினிக்கில் வேலை. காலையில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். எவலினுக்கு வீட்டிலேயே வேலை. ஒரு காப்புறுதி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் கணினி வழியாகக் கேட்பதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் தட்ட வேண்டும். ஆக, பூனையை ஆசையாக வளர்ப்பவள் ஒருத்தி, நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டுபவள் இன்னொருத்தி.

மல்லுக்கட்டு என்பது பெரும்பாலும் கீபோர்டைப் பற்றித்தான். மடிக்கணினியின் சூடு கிச்சாப்புக்குப் பிடித்துப் போயிற்று. எவலின் தண்ணீர் குடிக்க எழுந்தால் போதும், ஏறி நீட்டிப் படுத்துவிடும். அவளும் சும்மா இருக்கவில்லை. தினமும் வேலை தொடங்கும் முன் கணினியைக் கவிழ்த்துத் தட்டுவாள். பெயின்ட் பிரஷால் பொத்தான்களின் இடுக்கில் கூட்டுவாள். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஸ்பிரிட்டில் நனைத்து ஒவ்வொரு எழுத்தாகத் துடைப்பாள். மேலே ஒரு சிலிக்கோன் உறையும் வாங்கிப் போட்டாள். அந்த உறையையும் தாண்டி எப்படித்தான் போகுமோ, ஒரு கறுப்பு முடி எப்போதும் ஏதாவது ஒரு பொத்தானின் ஓரத்தில் நின்று அவளைப் பார்த்துச் சிரிக்கும்.

அன்று காலை நடந்தது முடியோடு நிற்கவில்லை. கணவனை இழந்த ஒரு பெண்மணிக்கு எவலின் அனுதாபம் தட்டிக்கொண்டிருந்தாள். பால் பொங்குகிறது என்று சமையலறைக்கு ஓடிய நேரத்தில் கிச்சாப் கீபோர்டின் மேல் நடந்து போயிற்று. "உங்கள் இழப்புக்கு" என்பதற்குப் பிறகு ஒரு வரி முழுக்கத் தலையும் காலும் இல்லாத எழுத்துகள் அந்தப் பெண்மணிக்குப் போய்ச் சேர்ந்தன. மேலாளர் குகன் உடனே கூப்பிட்டார்.

"எவலின், என்னலா இது? செத்த வீட்டுக்கு இப்படியா அனுப்புவீங்க? இன்னொரு தடவ நடந்துச்சுன்னா நீங்க ஆபிசுக்கே வந்துருங்க. வீட்டுல வேலைலாம் சரிப்படாது."

எவலினுக்கு முகம் சுண்டிப்போயிற்று. போனை வைத்தவுடன், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த விவியன் மேல் பாய்ந்தாள்.

"இந்த வீட்டுல ஒன்னு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒன்னு நீயே முடிவு பண்ணிக்க!"

"அது வெறும் பூனைதானேக்கா. எந்திரிச்சுப் போறப்ப நீ லேப்டாப்ப மூடி வச்சிருந்தா முடிஞ்சு போச்சு."

"எனக்கே பாடம் எடுக்கிறியா? எங்கயாச்சும் தொலைஞ்சு போகட்டும் அந்த சனியன்!"

விவியன் தட்டில் வைத்த ரொட்டியைத் தொடாமல், கிச்சாப்பின் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் கோபம் ஆறாமல் நின்றபோதுதான் எவலினின் கண்ணில் பச்சை பாட்டில் பட்டது. மின்யாக் காயு பூத்தே, அவர்கள் வீட்டுத் தைலம். குழந்தைக்கு வயிறு உப்பினாலும் பெரியவர்களுக்குத் தலை வலித்தாலும் கொசு கடித்தாலும் அம்மாவிடம் ஒரே மருந்து அதுதான். மகள்கள் குடிவந்த அன்றே மாதா படத்துக்குப் பக்கத்தில் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுத்தான் கிள்ளானுக்குத் திரும்பினார். எவலினுக்கும் அந்த வாசனை இல்லாமல் பொழுது போகாது. பூனைக்கு மட்டும் அது ஆகாது. அவள் நெற்றியில் தடவினாலே கிச்சாப் மூக்கைச் சுருக்கிக்கொண்டு ஓடும். இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பஞ்சில் தைலத்தைத் தாராளமாக ஊற்றி, கீபோர்டு உறையின் மேல் கோலம் போடுவது போல இழுத்துவிட்டாள்.

கிச்சாப் வந்தது. முகர்ந்தது, தும்மியது, ஓடியது. பதில் தட்டும் பக்கத்தை மூடிவிட்டு, எவலின் வெற்றி பெற்றவளாகச் சமைக்கப் போனாள். ஆனால் அன்று மழை, குளிர். சாப்பாட்டு நேரத்தில் வந்து பார்த்தபோது சூடு வேண்டி அது பழையபடி கீபோர்டின் மேல் படுத்திருந்தது. வயிற்று முடியெல்லாம் தைலம். நக்கிப் பார்த்து, முகத்தைக் கோணி, மறுபடியும் நக்கியது.

தூக்கியிருக்கலாம். ஒரு துணியை நனைத்துத் துடைத்திருக்கலாம். எவலின் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்று சிரித்தாள்.

"நல்லா அனுபவி. அப்பதான் புத்தி வரும்" என்றாள்.

பிற்பகலில் கிச்சாப் நடக்கும்போது பின்னங்கால்கள் பின்னின. வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகியது. எவலின் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது அது தலையைத் தூக்கப் பார்த்து முடியாமல் சோபாவுக்கடியில் சரிந்தது. காலையில் தன் வாயிலிருந்து வந்த வார்த்தை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்? தொலையட்டும் என்று சொன்னவள் தொலைத்துவிட்டாள் என்றுதான் விவியன் நினைப்பாள்.

ஆகவே தங்கையைக் கூப்பிடுவதற்கு முன் எவலின் சுத்தம் செய்தாள். குழந்தைகளுக்கான ஈரத் தாளால் பூனையை மேலோட்டமாகத் துடைத்தாள். உறையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பஞ்சுக்குச்சியால் பொத்தான்களின் இடுக்கெல்லாம் துடைத்தாள். வாங்கிய நாளிலிருந்து அந்தக் கீபோர்டு அவ்வளவு பளிச்சென்று இருந்ததில்லை. கடைசியில் தைலத்தை எடுத்துத் தன் நெற்றியிலும் கழுத்திலும் அப்பிக்கொண்டாள். வாசனை எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கக்கூடாதல்லவா?

விவியன் கிரேப் டாக்சி பிடித்து ஓடிவந்தாள். பாசார் சந்தைக்குப் பக்கத்திலிருந்த விலங்கு கிளினிக்கில் டாக்டர் சந்திரகலா பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், பிறகு மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ தைல வாசனை வருதே?"

"அது எங்க அக்கா டாக்டர்" என்றாள் விவியன். "அவ குளிக்கிறதே அதுலதான்."

டாக்டர் சிரிக்கவில்லை. எவலினைப் பார்த்தார்.

"அந்த எண்ணெய் பூனைக்கு ரொம்ப ஆபத்து. கொஞ்சம் நக்குனாகூடப் போதும். அது மேல எங்கயாச்சும் பட்டுச்சா?"

நேரான கேள்வி. விவியனும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் சந்தேகம் துளியும் இல்லை. அதைக் கெடுக்க எவலினுக்கு மனம் வரவில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

"இல்ல டாக்டர். என் நெத்தியில மட்டும்தான்."

"அப்ப வெளிய ஏதாச்சும் தின்னுருக்கலாம். எலி மருந்தாகூட இருக்கலாம். இங்க விட்டுட்டுப் போங்க, பாக்கறோம்."

எலி மருந்து என்ற சொல்லை விவியன் பிடித்துக்கொண்டாள். கீழ்மாடியில் தனியாக இருக்கும் புஷ்பவல்லி ஆன்டி, கிச்சாப் படியிறங்கிப் போகும்போதெல்லாம் ஒரு பிடி நெத்திலி போடுவார். ஃபிளாட்டுக்குத் திரும்பியதும் விவியன் நேராக அந்தக் கதவைத் தட்டினாள். எவலின் பின்னாலேயே போனாள்.

"ஆன்டி, உங்க வீட்டுல எலி மருந்து வச்சீங்களா? எம் பூனைக்கு என்னத்தக் குடுத்தீங்க?"

"ஐயோ, நான் ஏம்மா மருந்து வைக்கப் போறேன்? நெத்திலிதானே போடுவேன். அதுவும் உப்பு போகக் கழுவித்தான்மா போடுவேன்."

"எத்தன தடவ சொன்னேன், எதுவும் போடாதீங்கன்னு! இப்ப அது சாகக் கெடக்குது, பாத்தீங்களா?"

புஷ்பவல்லி ஆன்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. உள்ளே ஓடிப் போய் நெத்திலி டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் ஒன்றை எடுத்துத் தானே வாயில் போட்டு மென்றார். "பாரும்மா, நானும் திங்கறேன். இதுல ஒன்னும் இல்லம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எவலின் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் விவியன் மாதா படத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி முழங்காலிட்டாள்.

"நீயும் வாக்கா. ஜெபமாலையில ஒரு பத்து மணி சொல்லுவோம் கிச்சாப்புக்காக."

சிறு வயதிலிருந்து ஜெபமாலையில் தங்கை தொடங்க, அக்கா முடிப்பாள். எவலின் பக்கத்தில் முழங்காலிட்டாள். நிமிர்ந்தால் மாதா, மாதாவுக்குப் பக்கத்தில் பச்சை பாட்டில், பாதி காலியாக. விவியன் அழுகைக் குரலில் முதல் பாதியைச் சொல்லி முடித்து நிறுத்தினாள். அடுத்தது எவலினின் பங்கு. பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக என்று வருமிடத்தில் குரல் நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினாள், மறுபடி அங்கேயே நின்றது.

"அழாதக்கா" என்று விவியன் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "காலையில கோவத்துல சொன்னதுதானே. எனக்குத் தெரியும்."

அப்போது விவியனின் போன் அடித்தது. டாக்டர்தான். விவியன் ஸ்பீக்கரில் போட்டாள்.

"விவியன், ஒடம்பு சூடு எறங்கிக்கிட்டே போகுது. எலி மருந்து மாதிரி தெரியல. வேற என்னன்னு தெரிஞ்சாத்தான் நான் ஏதாச்சும் செய்ய முடியும். நல்லா யோசிச்சுப் பாருங்க, வீட்டுல வேற என்ன..."

"தைலம்தான் டாக்டர்" என்றாள் எவலின்.

விவியனின் கை முதுகிலிருந்து விலகியது.

"காயு பூத்தே. நான்தான் கீபோர்டுல தடவுனேன், பூனை ஏறக்கூடாதுன்னு. அது மேலயே படுத்துருச்சு. வயிறெல்லாம் பட்டுச்சு. நக்குச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு சத்தம் கேட்டது.

"அங்கயே சொல்லியிருக்கலாமேம்மா. சரி, பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு இப்பவே குளிப்பாட்டுறோம். ட்ரிப் ஏத்தறேன். உறுதியா ஒன்னும் சொல்ல முடியாது."

டாக்டர் போனை வைத்தார். விவியன் எழுந்திருக்கவில்லை, முழங்காலிட்டபடியே அக்காவைப் பார்த்தாள். கத்துவாள் என்று எவலின் எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள்.

"வேணும்னே செஞ்சியாக்கா?"

"இல்ல விவி. சத்தியமா இல்ல."

"டாக்டர் கேட்டப்பவும் இப்படித்தான் இல்லன்னு சொன்ன."

விவியன் மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு அறைக்குள் போனாள். எவலின் படியிறங்கி, புஷ்பவல்லி ஆன்டியின் கதவைத் தட்டி, நடந்ததையெல்லாம் சொன்னாள். ஆன்டி திட்டவில்லை. "பூனை பொழைச்சிருமா?" என்று மட்டும் கேட்டார்.

கிச்சாப் பிழைத்தது. சில நாள் கழித்து, ஊசி குத்த முன்னங்காலில் முடி வழித்த இடத்தோடு, பாத்திரச் சோப்பு வாசனையோடு வீடு வந்தது. எவலின் அதற்குள் தைல பாட்டிலைக் குப்பையில் போட்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியை மூடிவைக்கப் பழகியிருந்தாள். விவியன் எப்போதும்போல் பேசினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று எவலின் நம்ப ஆரம்பித்தாள்.

பூனைக்காக எடுத்த விடுப்பு முடிந்து விவியன் வேலைக்குப் போகும் காலை வந்தது. கிச்சாப் மேசையில் தாவியேறி, ஒரு சுற்றுச் சுற்றி, கீபோர்டின் மேல் சுருண்டது. திரையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. எவலின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள். எழுத்து ஓடினால் ஓடட்டும், குகன் கூப்பிட்டால் கூப்பிடட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"நீ போயிட்டு வா விவி. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

விவியன் பையைத் தோளில் மாட்டியபடி வந்து, பூனையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"வேணாம்க்கா. புஷ்பவல்லி ஆன்டிகிட்ட கேட்டுட்டேன். பகல்ல அவங்க பாத்துக்கறேன்னு சொன்னாங்க."

குரலில் கோபமே இல்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. கீழே புஷ்பவல்லி ஆன்டி "வாடா ராஜா" என்று வரவேற்பது மாடிப்படி வழியாகக் கேட்டது. அதன் பிறகு தினமும் காலையில் அந்தக் குரல் கேட்கும். எவலின் பழக்கதோஷத்தில் பிரஷை எடுத்துக்கொண்டு கீபோர்டின் மேல் குனிவாள். அதில் ஒரு முடிகூட இருக்காது.