குஞ்சம்மா வீட்டில் கை நனைத்தவள்

ஆறுதல் குழுவின் வேன் வந்து நின்றதும் முதலில் இறங்கியது மனிதர்கள் இல்லை, பேனர். ‘துயரில் தோள் கொடுப்போம்’ என்று சிவப்பு எழுத்து. பெம்பான் தோட்டத்து லயத்திலிருந்த ஆறு வீட்டுக்காரர்களும் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும்வரை இரண்டு பேர் அதை உயரத் தூக்கிப் பிடித்தார்கள். குஞ்சம்மா வீட்டில் என்ன நடந்தது என்று தெரியாத ஈ எறும்பு ஏதாவது மிச்சம் இருந்திருந்தால் அதற்கும் தெரிந்துபோயிருக்கும்.

வாசலில் நின்ற குஞ்சம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் ‘வாங்க, வாங்க’ என்று சிரித்தாள். இன்றைக்கு இவர்கள் தயவு அவளுக்கு வேண்டியிருந்தது.

மகன் கவிநேசன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டு அன்றோடு ஒரு வருஷம். குருபோங் தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், இருபத்து மூன்று வயது. ஏன் அப்படிச் செய்தான் என்று குஞ்சம்மாவுக்கு இன்னும் தெரியாது. லயத்தில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பெற்றவளிடம் மட்டும்தான் ஒன்றும் இல்லை.

அவன் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் கை நனைக்கவில்லை. அடுத்த வீட்டுக் கருப்பாயி இருபது வருஷமாகக் குழம்புக் கிண்ணம் மாற்றிக்கொண்டவள்; இப்போது ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. கூடப்பிறந்த தம்பி சேகரன் இரண்டு முறை வந்தான். இரண்டு முறையும் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்காமலே துக்கம் கேட்டுவிட்டுப் போனான். அப்படிப் போனவன் வீட்டில் சாப்பிட்டால் அது தங்கள் வீட்டுக்கும் தொற்றிக்கொண்டு வருமாம். வீரர்கள்தான்.

வருஷத் தெவசத்துக்குச் சமைத்துப் படைத்தால் மட்டும் போதாது, யாராவது உட்கார்ந்து வயிறார உண்டால்தான் போனவனுக்குச் சேரும் என்று குஞ்சம்மா நம்பினாள். நாலு பேர் வேண்டாம், ஒருவர் போதும். அந்த ஒருவர்கூட வரவில்லை என்றால், தன் பிள்ளையை ஊர் தள்ளிவைத்தது சரிதான் என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அந்த எண்ணம்தான் அவளைப் பத்து நாளாகத் தூங்கவிடவில்லை. லயத்தில் வீடு வீடாகப் போய் அழைத்தாள். ஐந்து வீட்டிலும் ஐந்து சாக்கு. கடைசியில் மளிகைக்கடைப் போனில் மலாக்கா டவுனிலிருந்த ஆறுதல் குழுவைக் கூப்பிட்டு, “ஐயா, ஞாயித்துக்கெழம பகல் சாப்பாட்டுக்கு வந்துருங்க” என்று இரண்டு தடவை சொன்னாள்.

“கண்டிப்பா வர்றோம்மா. ஒங்களுக்காகத்தானே நாங்க இருக்கோம்” என்றார் தலைவர் சாமிநாதன்.

சாமிநாதன் தோட்ட ஆபீசில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. பேச ஆரம்பித்தால் அவருக்குக் காது கேட்காது. நாற்காலியில் உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மனசத் திடப்படுத்திக்கணும்மா. ஒங்க மகன் கவியரசன் நல்ல பையன்” என்று தொடங்கினார்.

“கவிநேசன்” என்றாள் குஞ்சம்மா.

“ஆமாமா. கவியரசன் போனது போனதுதான்லா. நீங்க பாசிட்டிவா யோசிக்கணும்.”

செயலாளர் சாந்தி ஒரு கூடையை எடுத்து நீட்டினாள். பிஸ்கட் டின், மைலோ, ஆரஞ்சுத் தண்ணீர்ப் போத்தல், மேலே பளபளக்கும் தாள், அதற்கு மேல் ரிப்பன். தீபாவளிக்குக் கட்டியதில் மிஞ்சியதாக இருக்க வேண்டும். குஞ்சம்மா அதைப் பிடித்துக்கொண்டு நிற்க, சாந்தி கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் சோகமா பாருங்கக்கா” என்றாள். சோகத்துக்குக் குஞ்சம்மா சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. கூடையைத் தூக்கி அடிக்காமல் இருக்கத்தான் சிரமப்பட வேண்டியிருந்தது.

படம் எடுத்து முடிந்ததும் அவர்களை நடுவீட்டுக்கு அழைத்துப் போனாள். பாய் விரித்து ஐந்து இலை போட்டிருந்தாள். ஆட்டிறைச்சிப் பெரட்டல், முட்டைச் சம்பல், ரசம், பாயசம், எல்லாம் மகனுக்குப் பிடித்தவை. காகத்துக்கு வைத்ததைக் காகம் எப்போதோ தின்றுவிட்டுப் போயிருந்தது. அதற்கு இருந்த மரியாதை மனிதர்களுக்கு வருமா என்றுதான் பார்க்க வேண்டும்.

இலையைக் கண்டதும் குழுவில் ஆளாளுக்கு ஒரு குறை வந்தது. சாமிநாதனுக்கு இனிப்பு நீர் வியாதி. பேனர் பிடித்த இருவரும் வரும் வழியில் ஜாசினில் இப்போதுதான் ரொட்டி சானாய் சாப்பிட்டார்களாம். சாந்திக்கு விரதம். என்ன சாமிக்கு என்று குஞ்சம்மா கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாவம், அவள் ஒரு சாமியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்திருக்கும்.

“ஒரு வாய் பாயசமாவது...” என்றாள் குஞ்சம்மா. தன் குரல் கெஞ்சுவது தன் காதிலேயே விழுந்தது. சீ என்று இருந்தது.

“இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்மா” என்றார் சாமிநாதன், செருப்பைத் தேடியபடி.

சன்னல் வழியாகப் பார்த்தாள். வேனுக்குள்ளிருந்து ஒரு போத்தல் வெளியே வந்தது. மஞ்சள் தண்ணீர். சாமிநாதன் தன் தலையில் தெளித்துக்கொண்டு சாந்தியிடம் கொடுத்தார். அவள் தெளித்துக்கொண்டு மற்ற இருவருக்கும் கொடுத்தாள். மிச்சத்தைப் பேனர் மீதும் தெளித்தார்கள். தோள் கொடுக்க வந்தவர்கள் தோளைக் கழுவிக்கொண்டு போகிறார்கள். தூ, இதுவும் ஒரு பிழைப்பா என்று நினைத்துக்கொண்டு இலைகளை எடுக்கத் திரும்பினாள்.

ஓர் இலைக்கு முன்னால் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். குழுவோடு வந்து மூலையில் வாய் திறக்காமல் நின்ற மெலிந்த பெண். குஞ்சம்மா வயதுதான் இருக்கும்.

“சோத்தப் போடுங்க. ஆறிப்போவுது.”

குஞ்சம்மா போட்டாள். அவசரத்தில் பாயில் கொஞ்சம் சிந்தியது. வெளியே ஆரன் அடித்தார்கள். “அடிக்கட்டும்” என்று அந்தப் பெண் பெரட்டலைப் பிசைந்தாள். பாதிச் சோறு போனபின் ரசத்தை ஊற்றி ஒரு வாய் வைத்து, முகத்தைச் சுளித்தாள்.

“ரசத்துல உப்பே இல்ல.”

குஞ்சம்மாவுக்குச் சுர்ரென்று ஏறியது. “படையலுக்கு ஆக்குறத ருசி பாக்கலாமாக்கும்?”

“அதான் படைச்சாச்சுல்ல. இப்பப் பாருங்க.”

குஞ்சம்மா பக்கத்து இலையில் உட்கார்ந்து ஊற்றிக் குடித்தாள். உப்பு இல்லைதான். ஒரு வருஷமாக எல்லாரும் அவளிடம் நோயாளியிடம் பேசுவதுபோலத்தான் பேசினார்கள். ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை, குறை சொல்லும் அளவுக்குப் பக்கத்தில் வரவும் இல்லை. குஞ்சம்மா அழுதாள்.

“அழுங்க. அந்தப் பெரட்டல இங்கிட்டுத் தள்ளிட்டு அழுங்க. கவிநேசனுக்குப் பிடிச்சதா?”

பெயரைச் சரியாகச் சொன்னாள். குஞ்சம்மா தலையாட்டினாள். “ஒங்க பேரு?”

“முனியாயி. தங்கா பத்துல இருக்கேன்.”

“ஒங்களுக்கு யாரு?”

“மக. ஆறு வருசம் ஆச்சு. எனக்கும் இதே மாதிரிதான் கூடை கொண்டாந்தாங்க. அப்புறம், அனுபவப்பட்டவ ஒருத்தி வேணும்னு வேன்ல ஏத்திக்கிட்டு சுத்துறாங்க.”

“ஒங்க வீட்டுல சாப்பிட்டாங்களா?”

“யாரு?”

“யாராச்சும்.”

“இல்ல” என்றாள் முனியாயி, மழை இல்லை என்று சொல்வதுபோல.

மறுபடியும் ஆரன். குஞ்சம்மா கூடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அதை வேனுக்குள் வைத்துவிட்டு, ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: “நீங்க கெளம்புங்க ஐயா. இவங்க சாப்பிட்டுட்டு பஸ்ல வருவாங்க.”

சாமிநாதன் ஏதோ தொடங்கினார். அவள் காத்திருக்கவில்லை.

உள்ளே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். “வர்ற ஞாயித்துக்கெழம ஒங்க வீட்டுக்கு வாரேன். நல்ல மீனா வாங்கி வைங்க. நான் பிஸ்கட்டக் கடிச்சிட்டுப் போற ஆளு இல்ல.”

முனியாயி உருட்டிய கவளத்தை இலையிலேயே வைத்தாள்.

“எந்த நாளு வேணா வாங்க” என்றாள். “நான் இன்னும் தெனமும் ரெண்டு பேருக்குத்தான் ஆக்குறேன்.”