நாவலில் இல்லாத வரி

1

இது எனக்கு நடந்த கதை. இருந்தாலும் 'அவள்' என்றே எழுதப்போகிறேன். என்னை நானே கேலி செய்தால் தன்னடக்கம் என்பீர்கள். அவளைக் கேலி செய்தால் யாருக்கும் வருத்தமில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில் அந்த நாவலாசிரியை...' மழையெல்லாம் பெய்யவில்லை. அடித்துவிட்டேன். அடுத்து: 'எழுதுவது தவம், விற்பதோ...' இதை முடிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. [தவம் என்ற சொல்லைப் பார்த்ததுமே நீங்கள் எழுந்து போயிருப்பீர்கள்.]

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். வேலைக்குக் கிளம்பும்வரை நாவல் எழுதுவாள். எழுதுவது புனைபெயரில், அதனால் கடைக்கு வருகிறவர்களுக்கு அவளைத் தெரியாது. மூன்றாவது நாவல் அப்போதுதான் வெளிவந்திருந்தது.

2

"தினமும் நெட்ல ஏதாவது போடுங்க மேடம், நீங்க பேசலைன்னா புத்தகம் பேசாது" என்றார் பதிப்பாளர். போட்டாள். போட்டதோடு விட்டாளா? யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார்கள் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போனை எடுத்தாள். ஒரு நாள், வாடிக்கையாளரின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தை எழுத வேண்டிய கட்டத்தில் 41 என்று எழுதிவிட்டாள். அது காலைப் பதிவுக்கு விழுந்த லைக். நல்லவேளை, "இவ்வளவு கிட்டவா இருக்கும்?" என்று கண்ணாடி செய்கிறவர் கேட்டார். நான்காவது நாவலோ ஏழாம் பக்கத்தில் அப்படியே கிடந்தது.

தங்கைதான் தலையிட்டாள்.

"அக்கா, போனை இங்க குடு. நாவல்லேருந்து முப்பது நல்ல வரி எடுத்துக் குடு. தினம் ஒண்ணு தானாப் போற மாதிரி வெச்சிடறேன். நீ ஞாயித்துக்கிழமை மட்டும் பார்த்துப் பதில் எழுது."

"நடுவுல யாராவது ஏதாவது கேட்டா?"

"பொறுத்துக்குவாங்க. உன் நாவலுக்கு ரெண்டு வருஷம் பொறுத்தாங்கல்ல."

"யாரு பொறுத்தா?"

"நான்."

3

கணினியில் அந்த நாவல் மூன்று கோப்புகளாக இருந்தது: 'இறுதி', 'உண்மையான இறுதி', 'இதுதான் இறுதி'. எழுதுகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் இதே லட்சணம்தான். அவள் அவசரத்தில் முப்பது வரிகளையும் முதல் கோப்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டாள். பதிப்பாளர் சொல்லி வெட்டி எறிந்த ஆறாம் அத்தியாயம் அதில்தான் இருந்தது.

'அம்மா கோபமாக இருந்தால் எங்கள் வீட்டுக் கதவுகள் மெதுவாகத்தான் மூடும்.'

இந்த வரி செவ்வாய்க்கிழமை போனது. ஞாயிற்றுக்கிழமை அவள் பார்ப்பதற்குள் ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்திருந்தார்கள். புத்தகம் விற்றுத் தீரப்போகிறது. வரியோ புத்தகத்தில் இல்லை. பதறிப்போய்ப் பதிப்பாளரைக் கூப்பிட்டாள்.

"வாயே தொறக்காதீங்க மேடம். ரெண்டாம் பதிப்புல எங்கயாவது சொருகிடலாம். யாரு உக்காந்து தேடப்போறா?"

4

தேடியவர் மறுநாளே கடைக்கு வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்.

[இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். சொல்லிவைத்த மாதிரி அதே கடைக்கு, அதே வாரம் வருவாரா? நாவலாக இருந்தால் நானே இவரை வெட்டியிருப்பேன். என்ன செய்வது, வந்துவிட்டார்.]

அவள் கண்களைப் பரிசோதித்தாள். பழைய கண்ணாடியே போதும்.

"கண்ணுக்கு ஒண்ணும் இல்ல சார்."

நல்ல செய்திதான். அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அவளுடைய நாவல், ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்.

"இதுல ஒரு வரி வருதுன்னு போன்ல பார்த்துட்டுத்தான் வாங்கினேன். மூணு தடவை படிச்சாச்சும்மா, அகப்படல. கண்ணுல கோளாறு இல்லைன்னா மண்டையிலதான் கோளாறு. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டார்."

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

(அ) அவள் பதிப்பாளர் சொன்னபடி வாயைத் திறக்கவில்லை. 'நல்ல மருத்துவராகப் பாருங்கள்' என்று... [முடியவில்லை. அந்த மனிதர் பயத்தோடு வீட்டுக்குப் போவதை என்னால் எழுத முடியாது.]

(ஆ) அவள் அவர் காலில் விழுந்து... [இது யாருக்கு வேண்டும்?]

நடந்தது இவ்வளவுதான்:

"சார், அந்த வரி இதுல இல்ல. இந்த நாவலை எழுதினது நான்தான். வெட்டின அத்தியாயத்துலேருந்து தப்பா எடுத்துப் போட்டுட்டேன்."

அவர் அவளையே பார்த்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். எனக்குத்தான் ஃபைலுக்கு ஒழுங்காப் பேர் வைக்கத் தெரியல."

அவர் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவளுக்கு வெட்கம் ஒரு பக்கம், நிம்மதி ஒரு பக்கம்.

5

இரண்டாம் பதிப்புத் திட்டத்தையும் உளறிவிட்டாள்.

"எங்க சொருகுவாங்க?" என்றார் வாத்தியார்.

"அம்பத்து நாலாம் பக்கத்துலதான் இடம் இருக்கு சார்."

விரலை நனைத்துப் பக்கத்தைப் புரட்டினார். படித்தார். தலையை ஆட்டினார்.

"வேண்டாம்மா. கதவு மெதுவா மூடினா அந்தப் பொண்ணு ஏன் நடுங்கறாங்கறது எழுபதாம் பக்கத்துலதான் தெரியணும். இங்கயே சொல்லிட்டா அங்க எனக்கு அழுகை வராது."

"அழுதீங்களா சார்?"

"மூணு தடவையும்."

ஆயிரக்கணக்கானவர்கள் பகிர்ந்தபோது வராத சந்தோஷம் அவளுக்கு அப்போது வந்தது. மூன்று நாவல் எழுதியும் இப்படி ஒருவர் அவளிடம் பேசியதில்லை.

6

நாளைக்குள் பதிப்பாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்காகவே வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் ஒரு பக்கம். எழுபதாம் பக்கம் இன்னொரு பக்கம். அவளால் முடிவெடுக்க முடியவில்லை. என்னாலும்தான்.

நீங்கள் சொல்லுங்கள், அப்படியே செய்துவிடுகிறேன். ஒரே நிபந்தனை, நாவலைப் படிக்காமல் சொல்லக்கூடாது.

[இதைப் படித்துவிட்டுத் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "நாவல் பேரைப் போடவே இல்லையேக்கா." போட்டால் இது விளம்பரமாகிவிடுமே என்றேன். "ஆகட்டுமே" என்கிறாள். அதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.]

இதுவரை விழுந்திருப்பது ஒரே ஓட்டு, மூன்று தடவை படித்தவருடையது.