பத்தொன்பது நிமிட மஃரிப்

மருதமுனையில் பஸ்மினாவின் வீட்டுக்கு மட்டும் மஃரிப் பத்தொன்பது நிமிடம் முந்தி வருகிறது. பக்கத்து வீட்டு மதிலில் வெயில் கிடக்கும்போதே இந்த வீட்டு முற்றம் இருட்டி, கூரைக்கு மேலே நாலைந்து வெள்ளி தெரியும். விடிவதும் அதே அளவு முந்தித்தான். கோழிகள் முதலில் குழம்பின, பிறகு பழகிக்கொண்டன. மனிதர்களுக்குத்தான் இன்னும் பிடிபடவில்லை.

எல்லாம் அவளுடைய கலியாணத்தோடு தொடங்கியது. நிக்காஹ் முடிந்ததும் பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளைக்கு மணிக்கூடு கட்டிவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பஸ்மினாவின் காக்கா முர்ஷித், சுவிஸ் மணிக்கூடுதான் கட்டுவேன் என்று சபையில் வாய்விட்டிருந்தான். அப்படி யாரும் கேட்கவில்லை. அசலை வாங்க நாவிதன்வெளி வயலையே விற்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து, போனில் ஒருவன் அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டிருந்தான். செய்த கம்பெனிக்காரனே தடுமாறுவான் என்று கீழே எழுதியுமிருந்தான். முர்ஷித் படத்தை மூன்று நாள் பார்த்தான். நாலாம் நாள் நகலை வாங்கி, அசல் என்று சொல்லி மாப்பிள்ளை ஜெமீலின் கையில் கட்டிவிட்டான். பொல்லாதவன் இல்லை, வீம்புக்காரன்.

மூன்று மாதத்தில் மணிக்கூட்டின் தங்க நிறம் உரிந்தது. ஜெமீலின் மணிக்கட்டில் பச்சைக் கறை பிடித்தது. முள் பத்தொன்பது நிமிடம் முந்தி ஓடி, அதற்குமேல் முந்தாமல் அங்கேயே நிலைத்தது. வீட்டின் பொழுதும் அதோடு போனது. நோன்பு வந்ததும் மௌலவி வந்து பார்த்தார். உள்ளே நின்றால் இரவு, வெளியே வந்தால் பகல். நாலு தரம் செருப்பைக் கழற்றி மாட்டினார். விடியுமுன் சாப்பிடும் சஹரும் அதே அளவு முந்துவதால் நோன்பில் ஒரு நிமிடமும் குறையவில்லை என்று கடைசியில் சொல்லிவிட்டுப் போனார், குரலில் அவ்வளவு உறுதி இல்லாமல்.

முர்ஷித்துக்குச் சோறு இறங்கவில்லை. தங்கச்சியின் நோன்பு செல்லாமல் போனால் அந்தப் பாவம் தன் தலையில். உண்மையைச் சொன்னாலோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அவளுக்குத் தலைகுனிவு. இருபத்தேழாம் நோன்பன்று அஸர் தொழுகைக்குப் பிறகு மனதைத் திடப்படுத்திக்கொண்டு போனான். பஸ்மினா குசினியில் இருந்தாள். ஜெமீல் பள்ளிவாசல் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“மச்சான், நான் கட்டின மணிக்கூடு அசல் இல்ல.”

“தெரியும். கல்முனை பசார்ல மணிக்கூடு திருத்துற முருகேசு அண்ணன் தொறந்து காட்டினவர்.”

“பிறகென்னத்துக்குக் கட்டிக்கிட்டிருக்கீங்க?”

“கழட்டினா ஏனெண்டு பஸ்மினா கேப்பா. ‘ஒங்கட காக்கா பொய் சொல்லிட்டார்’ எண்டு நானா அவவுக்குச் சொல்ற?”

திட்டு வாங்கத்தான் முர்ஷித் வந்திருந்தான். அது கிடைக்காததால் மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா என்றும் விளங்கவில்லை. அதற்குள் வீடு இருட்டிவிட்டது. அழுகையை மறைக்க வாசலுக்குப் போனவன் முகத்தில் வெயில் அடித்தது.

அடுத்த வருடம் பள்ளிவாசல் அடித்த நோன்புக் கலண்டரில் ஊருக்கு ஒரு நிரல், பஸ்மினாவின் வீட்டுக்கு ஒரு நிரல். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. முர்ஷித் தினமும் அங்கேதான் நோன்பு திறக்கப் போகிறான். உள்ளே இருட்டிலிருந்து, “வாங்க காக்கா, நேரமாகிட்டு” என்று பஸ்மினா கூப்பிடுகிறாள். அவன் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் கொஞ்ச நேரம் நிற்கிறான். பிறகு உள்ளே போகிறான்.